சத்தம் இல்லாமல் பார்த்த படங்கள்

எங்கள் வீட்டில் எந்தப் படத்தையும் அதன் பெயரால் குறிப்பிடுவதில்லை. கோர்ட்டுப் படம், ரயில் படம், ஏணிப் படம், அடுப்படிப் படம் என்றுதான் சொல்வோம். அப்பா தொடங்கி வைத்த பழக்கம். தலைப்பு என்பது தயாரிப்பாளருக்குப் பிடித்தது, நம் மனசில் எது நிற்கிறதோ அதுதான் நமக்குப் பெயர் என்பார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். படிப்பவர்கள் அவரவருக்குத் தோன்றும் படத்தைப் பொருத்திக்கொண்டால் பெரிய தவறு ஏதும் வந்துவிடாது. ஜெயிலில் கிடக்கும் தம்பிக்காக அண்ணன் கூண்டில் நின்று பேச, தம்பி அழுகிற படத்தையும், பிள்ளைகளுக்காக ஓர் அம்மா தேய்ந்து போகிற படத்தையும் பார்க்காதவர்கள் யார் இருக்கிறார்கள்?

நான் படங்களைக் காதால் பழகியவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் டிவி வந்துவிட்டது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை வாங்குவதில்லை என்று அப்பா உறுதியாக இருந்தார். ரேடியோவை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் ஒலிச்சித்திரம் அவருக்கே வேண்டும். ஒரு முழுப் படத்தைச் சுருக்கி, பேச்சும் பாட்டுமாக ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள். கதவு திறக்கும் சத்தம், வளையல் சத்தம், ஒரு விம்மல். மற்றதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பின்னால் அதே படங்களைத் திரையில் பார்த்தபோது நான் கட்டி வைத்திருந்த வீடுகள்தான் பெரிதாக இருந்தன.

ஒலிச்சித்திரம் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் சண்டையைத் தொடங்குவார்கள். அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா, அம்மா பள்ளி ஆசிரியை. இருவரும் பகலெல்லாம் அடக்கி வாசித்துவிட்டு வருகிறவர்கள் என்பதாலோ என்னவோ, படம் என்றால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"இன்னாமா பேசறான் பாரு. கூண்டுல நிக்கிறவன் பேசற பேச்சா இது. ஜட்ஜே கண்ணு கலங்கிட்டான்" என்பார் அப்பா.

"பேசறான், பேசறான், பேசிக்கினே கீறான். அந்தத் தம்பிக்கு ஜாமீன் எடுக்க ஒருத்தராவது போனாங்களா?"

"உனக்கு ரசனையே கெடையாதுடி."

"உங்களுக்கு இருக்கிற ரசனைக்கு அந்தத் தம்பி உள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

இரவுச் சாப்பாடு வரை இது ஓடும். நான் எப்போதும் அப்பா கட்சி. கோர்ட்டுப் படத்தின் வசனத்தை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பேன். அடுப்படிப் படத்தில் அம்மா பேசுகிற இடம் வந்தால் அழுவேன். ரயில் படம் பிடிக்கவே பிடிக்காது, ஏனென்றால் ரேடியோவில் அது வெறும் ரயில் சத்தம். ஒருவரும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

திருமணமாகிக் கல்பாக்கத்துக்கு வந்தேன். கணவருக்கு அங்கே ஆராய்ச்சி மையத்தில் வேலை. கடலுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ், அடுத்தடுத்து ஒரே மாதிரி ஜன்னல்கள், மாலையில் உப்புக் காற்று. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றைத் தவிர. எந்தப் படத்துக்குப் போய் வந்தாலும் என் கணவர் "நல்லா இருந்துது" என்பார். நான் படுமோசம் என்று சொன்னாலும் தலையாட்டுவார். "அதுவும் சரிதான்" என்பார். அவரோடு சண்டை போடவே முடியாது. எல்லாரும் இதற்காக என்னைக் கொடுத்து வைத்தவள் என்றார்கள். வயிற்றில் குழந்தை இருந்தபோது நான் ரகசியமாக நினைத்துக்கொண்டது இதுதான்: இது பேசட்டும், வளரட்டும், படம் பார்த்துவிட்டு வந்து என்னோடு மல்லுக்கட்டட்டும்.

மகள் பிறந்தாள். அமைதியான குழந்தை. தீபாவளி அன்று வாசலில் சரவெடி வெடித்தபோதும் தூங்கினாள். கீழ்வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். "இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கெடைக்கும்? நீ கொடுத்து வச்சவ, பிள்ள" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. நான் எதற்கும் கவலைப்படுகிறவள், அதனால் எந்தக் கவலை உண்மையானது என்று எனக்கே பிடிபடாது.

இரண்டு வயதை நெருங்கியும் பேச்சு வரவில்லை. நான் சொன்னபோது கணவர் அலட்சியம் செய்யவில்லை. அவர் எதையும் சோதித்துப் பார்த்துவிடுகிறவர். குழந்தை பொம்மையோடு உட்கார்ந்திருக்க, பின்னால் போய் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். அவள் சட்டென்று திரும்பினாள். மறுபடி போட்டார். மறுபடி திரும்பினாள்.

"பார்த்தியா. காது நல்லாத்தான் இருக்கு. பேசறதுக்கு லேட்டாகும், அவ்வளவுதான்" என்றார்.

நான் அன்று நன்றாகத் தூங்கினேன். அவள் திரும்பியது தரை அதிர்ந்ததால் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் வீட்டில்தான் இப்படி நடக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சோதனை செய்துவிட்டோம் என்ற நிம்மதியிலேயே கொஞ்ச காலம் போயிற்று.

அப்புறம் ஒரு சனிக்கிழமை என் அப்பா அம்மாவைப் பார்க்கச் செங்கல்பட்டு போயிருந்தபோது, நாங்கள் மூவரும் ஏணிப் படத்துக்கு மேட்னி போனோம். அந்தப் படத்தில் ஒருவன் வெள்ளையடிக்க வந்து ஏணியோடு படாத பாடு படுவான். ஏணியைத் திருப்பினால் பின்னால் நிற்கிறவர் விழுவார், அவரைத் தூக்கப் போனால் பந்தல் சரியும். நான் மட்டமான நகைச்சுவை என்று முடிவு கட்டியிருந்த படம். மகள் என் மடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சி நடுவில் தியேட்டரில் சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடுகிறது, பேச்சு இல்லை, இசை இல்லை. பிறகு நாலு பக்கமும் விசில்.

"அண்ணாத்த, சவுண்டு வுடு."

"இன்னா நைனா, ஊமைப் படமா ஓட்டிக்கினுகீற?"

"டிக்கெட்டுக்கு டப்பு வாங்கும்போது சவுண்டு நல்லாத்தான் இருந்துச்சு."

தியேட்டரே சிரித்தது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தவர் விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், எனக்குக் காது அடைத்தது. மடியில் இருந்தவள் திரும்பவில்லை. ஏணிக்காரன் பந்தலில் தலைகீழாகத் தொங்கினான், அவள் கைதட்டிச் சிரித்தாள். அவளைப் பார்த்து நானும் கொஞ்சம் சிரித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தியேட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் படத்தில் ஏதோ போய்விட்டது. அவளுக்கு ஒன்றும் போகவில்லை.

"சவுண்டு வந்துடும், இரு" என்றார் கணவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போனதற்காகத்தான் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"பாப்பாவைப் பாருங்க" என்றேன்.

சத்தம் திடுமென்று முழு வேகத்தில் திரும்பி வந்தது. எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது, பிறகு ஆரவாரம் செய்தார்கள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோள் கூட அசையவில்லை. குனிந்து அவள் காதுக்குப் பின்னால் "பாப்பா" என்று கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார். படம் முடியும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவள் ரசித்துக்கொண்டிருந்தாள், கலைக்க மனம் வரவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு காதிலும் மிகப் பெரிய சத்தம் மட்டுமே லேசாகக் கேட்கும் என்றார்கள். கருவி பொருத்தி விடாமல் பழக்கினால் பேச்சு வரலாம். தாமதமானால் கஷ்டம். வரும் என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் அந்த "லாம்" விகுதியை வீட்டுக்கு எடுத்து வந்து பல நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கருவி வருவதற்குக் காத்திருந்த நாட்களில் ஒரு காரியம் செய்தேன். அது சரிதானா, பைத்தியக்காரத்தனமா என்று அப்போது தெரியவில்லை. கணவர் வேலைக்குப் போனதும் டிவியில் பழைய படம் போட்டால், சத்தத்தை முழுவதும் அடைத்துவிட்டு மகளோடு உட்கார்ந்து பார்ப்பேன். அவள் என்ன பார்க்கிறாளோ அதை நானும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. என் சினிமா அபிப்பிராயங்கள் ஒவ்வொன்றாக விழுந்தது அந்த நாட்களில்தான்.

முதலில் விழுந்தது கோர்ட்டுப் படம். சத்தம் இல்லாமல் பார்த்தால் ஒரு மனிதர் நெடுநேரம் வாயைத் திறந்து மூடுகிறார். சுற்றி நிற்கிறவர்கள் கம்பம் மாதிரி நிற்கிறார்கள். கேட்கிறவர்கள் முகத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. நான் மனப்பாடம் செய்து ஒப்பித்த இடம் இதுவா என்று வெட்கமாகப் போயிற்று. மகள் எழுந்து போய்ப் பாத்திரங்களோடு விளையாடத் தொடங்கிவிட்டாள்.

ரயில் படம் எழுந்து நின்றது. ரேடியோவில் நான் வெறுத்த அந்தப் பிளாட்பாரக் காட்சியில் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். ரயில் வேகம் எடுக்கிறது, விரல் ஒவ்வொன்றாக விடுபடுகிறது. அவ்வளவுதான். மகள் என் புடவை முந்தானையை அதே மாதிரி பிடித்துக்கொண்டாள். இயக்குநரைப் பற்றி நான் பேசியதையெல்லாம் மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. பல படங்களில் பக்கத்து வீட்டுக்காரியாகவோ வேலைக்காரியாகவோ வருகிற ஒரு நடிகை. அவருக்கு வசனமே இருக்காது. ஆனால் கதாநாயகி பேசும்போது பின்னால் அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார், அதிர்ச்சியான செய்தி வந்ததும் உருவுகிற கை பாதியில் நிற்கும். மகள் எப்போதும் அவரைத்தான் பார்த்தாள். தமிழ்ப் படங்களில் மிக நன்றாக நடித்தவர் அவர்தான் என்பது இன்றும் என் கட்சி. போஸ்டரில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

அடுப்படிப் படத்தை மட்டும் என்னால் சத்தமில்லாமல் பார்க்க முடியவில்லை. டிவி ஊமையாக இருந்தாலும் என் தலைக்குள் வசனம் ஓடியது. வாசலில் நிற்கும் மகனைப் பார்த்து அந்த அம்மா பேசுகிற பேச்சு ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது. அழுகையும் வந்தது. சரி, இது ஒன்றாவது மிஞ்சியதே என்று விட்டுவிட்டேன்.

கருவி வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, அதிலிருந்து காதுக்கு இரண்டு வயர். டப்பாவை மார்பில் வைத்துக்கொள்ளப் பூப்போட்ட துணியில் பை தைத்தேன். சினிமாவில் கண்கட்டை அவிழ்த்ததும் எதிரில் சரியான ஆள் நிற்பார், காது வந்ததும் கோயில் மணி அடிக்கும். இந்த வகைக் காட்சிகளை எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வேண்டும். என் மகள் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதாள். மறுநாளும் எறிந்தாள். பல வாரங்கள் அதுதான் நடந்தது.

பிறகு ஒரு நாள் மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள் இருக்கிற சாலையில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். ஆள் தெரியவில்லை, உளிச் சத்தம் மட்டும். மகள் நின்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பினாள். சத்தம் நின்றதும் என்னைப் பார்த்தாள், வந்ததும் சுவரைப் பார்த்தாள். கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தார்ச்சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தரை அதிரலை" என்றார்.

சென்னையில் பயிற்சி கொடுத்த டீச்சர் அம்மாக்களையும் கூடவே உட்கார வைப்பார். "வீட்ல என்ன செஞ்சாலும் பேசிக்கிட்டே செய்யுங்க. அவ முகத்தைப் பார்த்துப் பேசுங்க. கத்தாதீங்க, சும்மா பேசற மாதிரிப் பேசுங்க" என்றார். கேட்க எளிது. நான் இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவள். அரிசி கழுவுகிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன், அடுப்பு பற்றவைக்கிறேன் என்று காலைச் சமையல் முடிவதற்குள் என் வார்த்தைகள் தீர்ந்துவிடும். அதனால் படக்கதை சொல்லத் தொடங்கினேன். காய் நறுக்கிக்கொண்டே ரயில் படம், துணி மடித்துக்கொண்டே ஏணிப் படம்.

அப்போதுதான் வசனத்தைப் பற்றியும் என் எண்ணம் மாறியது. கோர்ட்டுப் படத்தின் ஒரு வாக்கியத்தைக்கூட அவளிடம் சொல்ல முடியவில்லை. முடிவதற்குள் அவள் பார்வை விலகிவிடும். ரயில் படத்தில் பிரிகிறவர்கள் பேசிக்கொள்வது "சாப்பிட்டியா?" "ம்." அது அப்படியே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. தட்டை வைத்தால் "ஆப்பித்தியா?" என்று என்னைக் கேட்கத் தொடங்கினாள். கீழ்வீட்டு அக்காவைக் கேட்டாள். பால்காரரைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது, சிலது வந்துவிட்டுப் போயிற்று. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள், சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். எனக்கு அது போதும் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் அவளாக ஒன்றை நினைத்து, எனக்கு எதிராக அதைச் சொல்லும் நாள் வருமா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கிடைத்த பிறகும் மேலே கேட்பது பேராசையோ என்றும் தோன்றும்.

அவள் பக்கத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், அதே செங்கல்பட்டு தியேட்டரில் காலைக் காட்சியாக அடுப்படிப் படம் வந்தது. அப்பா டிக்கெட்டோடு வந்து நின்றார். தாத்தாவும் பேத்தியும் நாங்களும் போனோம். அம்மாவுக்கு வீட்டில் வேலை இருந்தது, அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்கும் பொறுமை இல்லை என்றும் சொல்லிவிட்டார். படத்தில் சண்டை வந்ததும் மகள் மார்பில் இருந்த டப்பாவைத் தடவி, திருகைத் திருப்பிச் சத்தத்தை அணைத்துவிட்டு நிம்மதியாக முறுக்கு தின்றாள். நான் அப்படிச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த பொதுக்கூட்டங்களையும் கல்யாணக் கச்சேரிகளையும் நினைத்துக்கொண்டேன். அம்மா பேசும் காட்சி வந்தபோது திருகைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தாள். நானும் அப்பாவும் வழக்கம்போல அழுதோம்.

வெளியே வந்து, அப்பாவை வீட்டில் விட, எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பஸ் இரைச்சலில் அவளுக்கு உதடு தெரிந்தால்தான் பேச்சு பிடிபடும். அதனால் என் முழங்கால்களுக்கு நடுவில் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, நீ அழுதே" என்றாள்.

"ஆமா. நல்ல அம்மா இல்ல அவங்க?"

அவள் யோசித்தாள். "இல்ல."

நான் தவறாகக் காதில் வாங்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கேட்டேன். தெளிவாகத் தலையை ஆட்டினாள்.

"கைல தட்டு இருக்கு. சோறு இருக்கு. பையன் பசி. அந்த அம்மா பேசறாங்க, பேசறாங்க, பேசறாங்க. சோறு போடல."

எனக்கு அந்தக் காட்சி எழுத்துக்கு எழுத்து தெரியும். அந்த அம்மா கையில் தட்டு இருந்தது தெரியாது. அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு யோசித்துவிட்டு, "ஆமா, தட்டு இருக்குது" என்று முணுமுணுத்தார்.

"அவங்க பையனுக்காகத்தான் பேசறாங்க கண்ணு. மனசுல இருக்கிற கஷ்டத்தைச் சொல்றாங்க" என்றேன்.

"போட்டுட்டுப் பேசலாம்."

"பையன் தப்புப் பண்ணிட்டு வந்திருக்கான் இல்ல? அதான் கோபம்."

"கோபம் சரி. சோறு ஆறிப்போச்சு."

"உங்க அம்மா வளர்த்த மாதிரியே கீது" என்றார் அப்பா என்னிடம். "அன்னிக்கு ஜாமீன், இன்னிக்கு சோறு. வூட்டுக்குப் போனதும் கேளு, ரெண்டும் ஒண்ணா நிக்கும் பாரு."

நான் விடவில்லை. அந்த அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் எடுத்துச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சில சொற்கள் உடைந்து வந்தன, சில எனக்கு மட்டும் புரிந்தன. ஒன்றைச் சொல்ல வராமல் தவித்து, கையால் தட்டு மாதிரி காட்டி, பிறகு சொல்லையே கண்டுபிடித்துச் சொன்னாள். எதிர் சீட்டில் இருந்த பூக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்க வேண்டிய இடம் வந்ததைக் கணவர்தான் சொன்னார்.

இறங்கி நடக்கும்போது அவள் தன் அப்பாவின் கையை இழுத்து நிறுத்தி, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா. படம் எப்படி?"

"நல்லா இருந்துது" என்றார் அவர்.

அவளும் நானும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தோம்.